ஆகாசவாணமும் அதனை ஆக்கும் கருவியும்

(சங்கக் கூட்டத்தில் செய்த உபந்நியாசம்)



இன்று அடியேன் எடுத்துக்கொண்ட விஷயம் ஆகாசவாணம். ராக்கெட் என்று உலகம் வழங்குவதும் இதுவே. ஆயினும் அதன் அழகைப் புகழ நான் இங்கு நிற்கவில்லை. அதனை ஆக்கும் கருவி எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதே என் பேச்சின் பொருள். தீபாவளிதோறும் நம் பிள்ளைகள் வாணத்தைக் கண்டு களிக்கின்றனர். அவர்களுள் அறிவும் ஊக்கமும் உடையவன், "இதை நாமே செய்தால் என்ன?" என்று ஒருநாள் நினைப்பான். அவனுக்குத் தாய் தந்தையர் கூறும் விடை யாது? "கூடாது" என்ற ஒரு சொல் போதுமா? அமெரிக்க தேசத்தில் இக்கேள்வி எழுந்தபோது அங்குள்ளார் கண்ட விடை நாமும் அறியத்தக்கது.

முதலில் வாணம் ஆக்கும் முறையைச் சிறிது நோக்குவோம். பழைய பட்டறைகளில் அதற்குக் கருவிகள் மூன்று. காகிதக் குழாயை வெடித்துவிடாமல் பிடித்து நிற்பது அச்சு. அதன் அடியிலிருந்து கூம்பாய் மேலெழுந்து நிற்பது முளை. முளையின்மேல் இறங்கி மருந்தைக் கெட்டிப்பது துளையுள்ள இடிகோல். முளையை உருவியபின் மருந்தினுள் ஒரு பொள்ளல் நிற்கும். தீ அப்பொள்ளலின் சுவர் முழுதும் பற்றுவதால் புகை வேகமாய் வெளிப்பட்டு வாணம் எழுகிறது. ஆகவே, எரியும் பரப்பு எவ்வளவோ அவ்வளவே வாணத்தின் விசை. கை ஓரிடத்தில் மெலிதாகவும் ஓரிடத்தில் வலிதாகவும் இடித்தால் மருந்தில் வெடிப்பு உண்டாகும். தீ அவ்வெடிப்பில் புகுமாயின் எரியும் பரப்பு ஒரு கணத்தில் பெருகும். குழாய் தாங்காது சிதறும். இஃது எய்யும்போது நேரும் கேடு. இடிக்கும்போதே உராய்வினாலோ பொறியினாலோ நேரும் கேடு இதனினும் கொடியது. அப்போது கை மருந்தின் மேலேயே இருக்கிறதன்றோ?

குழாய் எதனால் ஆகவேண்டும் என்பதும் சிந்திக்கத்தக்கதே. காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் 1780-ஆம் வருஷம் செப்டம்பர் 10-ந் தேதி ஹைதர் அலியின் சேனை கர்னல் பெய்லியின் படையைத் தாக்கியபோது, மைசூரார் இரும்புக் குழாய் வாணங்களை எய்தனர். இரும்பு மிகுந்த அழுத்தத்தைத் தாங்கும். ஆதலின் வாணம் நெடுந்தூரம் செல்லும். போருக்கு அது தகும். ஆனால் இரும்பு வெடித்தால் ஒவ்வொரு துணுக்கும் ஓர் அம்பாகும். விளையாட்டுக்கு அது சிறிதும் தகாது.

இவ்வுண்மையை அறியாமல் அமெரிக்கச் சிறுவர் பலர் 1950-களில் உலோகக் குழாய்களில் மருந்து அடைத்துப் பார்த்தனர். 1957 அக்டோபர் 4-ந் தேதி ருஷ்யர் ஸ்புட்னிக் என்னும் செயற்கைச் சந்திரனை ஏவியபின் அவ்வாசை காட்டுத்தீயாய்ப் பரவிற்று. விரல் இழந்தோரும் கண் இழந்தோரும் உளர். உயிர் இழந்தோரும் உளர்.

இத்துன்பத்திற்கு மருந்து கண்டவர்களுள் ஒருவர் பெரிய விஞ்ஞானி அல்லர், பாதரட்சை வியாபாரி. நெப்ராஸ்கா மாகாணத்து நார்ஃபோக் நகரில் கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல் என்பார் வாணவேடிக்கையில் பிரியமுள்ளவர். அவருடைய சகோதரர் ராபர்ட், சிறு விமானங்கள் செய்து பறக்கவிடுபவர். சகோதரர் இருவரும் கூடி 1954-ல் காகிதமும் இலேசான மரமும் கொண்டு ஒரு சிறு ராக்கெட்டைச் செய்தனர். மருந்து அடைத்த சிறு குழாயை அதனுள் செருகலாம். எரிந்தபின் எடுத்து எறிந்துவிட்டுப் புதிது செருகலாம். உச்சியில் ஒரு குடைத்துணி விரிந்து ராக்கெட் மெல்ல இறங்கும். ஹாரி ஸ்டைன் என்பார் வெள்ளை மணல் ஏவுதளத்தில் உத்தியோகம் பார்த்தவர். சிறுவர் படும் அபாயத்தைப் பற்றிப் பத்திரிகையில் எழுதியவர். 1957-ல் கார்லைல் தம் ராக்கெட்டுகளை அவருக்கு அனுப்பினார். ஸ்டைன் அதன் பயனை உணர்ந்து, அவ்வாண்டே டென்வர் நகரில் அதனை விற்க ஒரு கம்பெனி தொடங்கினார்.

அப்பொழுது ஓர் இடையூறு நேர்ந்தது. மருந்துக் குழாய்கள் ஆயிரக்கணக்கில் வேண்டும். எல்லாம் ஒரே தரமாய் இருக்கவேண்டும். டென்வரில் வாழ்ந்த வெர்ன் எஸ்ட்டஸ் என்பார் அதற்கென 1958-ல் ஒரு யந்திரத்தை வகுத்து, "மேபெல்" என்று பெண்பெயர் சூட்டினார். அழுத்தப்பட்ட காற்றின் வலியால் அது சுமார் 5½ விநாடிக்கு ஒரு குழாயை முடித்துத் தள்ளிற்று. களிமண் வாய், மேலெழுப்பும் மருந்து, புகைந்து காலந்தாழ்த்தும் மருந்து, குடைத்துணியை வெளியே தள்ளும் மருந்து ஆகிய அனைத்தும் ஒரே அளவாய், ஒரே அழுத்தமாய் அமைந்தன. 1961-ல் எஸ்ட்டஸும் அவர் மனைவி கிளீடாவும் தொழிலைக் கொலராடோ மாகாணத்தில் பென்ரோஸ் என்னும் சிற்றூரின் திறந்த நிலத்திற்கு மாற்றினர்.

சகோதரர்களே! இங்கே கருவி வகுத்தவனின் அறிவைக் காண்மின். வாணம் எவ்வளவு உயரம் செல்லும் என்று மட்டும் அவன் கேட்கவில்லை. "தவறு நேருமானால் அவ்வேளையில் மனிதனுடைய கை எங்கே இருக்கும்?" என்று கேட்டான். மருந்து கெட்டிக்கும் வேலை ஒன்றைச் சிறுவன் கையிலிருந்து எடுத்து யந்திரத்தினிடம் கொடுத்தான். சிறகு எத்தனை, முனை எவ்வடிவம், எடை எங்கே நிற்பது, குடைத்துணி எவ்வளவு என்னும் கற்பனையும் கணக்கும் முழுதும் சிறுவனுக்கே விடப்பட்டன. அமெரிக்க ராக்கெட் சங்கத்தாரின் விதிகளும் இவ்வழியே நிற்கின்றன: உடலில் உலோகம் கூடாது, தொழிற்சாலையில் செய்த மருந்துக் குழாயே வேண்டும், மின்சாரத்தால் எட்ட நின்றே பற்றவைத்தல் வேண்டும்.

நம் நாட்டு நிலையும் மறக்கற்பாலதன்று. சிவகாசிப் பக்கத்துப் பட்டாசுத் தொழிலில் மருந்து கலப்பதும் அடைப்பதும் இன்றும் பெரும்பாலும் மனிதர் கையாலேயே நடக்கின்றன. 2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் 30-க்கு மேற்பட்டோர் மாண்டனர். கையையும் மருந்தையும் பிரித்துவைக்கும் கருவி வணிகர்க்கு வரும் செலவன்று. குடும்பங்களுக்குக் கிடைக்கும் காப்பு என்பதை முதலாளிகள் மனத்திற்கொள்ளல் வேண்டும்.

ஆதலின் பெற்றோர்களை நான் வேண்டுவது இரண்டு. வெடிமருந்தை வீட்டில் இடிக்கவும் கலக்கவும் பிள்ளைகளை ஒருபோதும் விடாதீர்கள். எத்துணைத் திறமையுள்ளவனாயினும் விடாதீர்கள். ஆனால் அவன் கேள்வியையும் அவித்துவிடாதீர்கள். காகிதமும் பசையும் மரத்துண்டும் அளவுகோலும் அவன் கையிற் கொடுங்கள். தண்ணீரும் காற்றழுத்தமும் கொண்டு எழும் வாணமும் உண்டு. பெரியோர் அருகிருக்க அவன் அதில் தொடங்கட்டும். ஆசையைத் தடுப்பது எளிது. அதற்கு ஏற்ற கருவியைத் தேடிக் கொடுப்பதே பெரியோர் கடமை.