கையில் தொழில், ஊரில் வேலை

இன்று தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் பெறும் தம்பி தங்கையரே!

மட்டக்களப்பில் நம் செட்டிபாளையத்துக்குக் கிழக்கே கடல், மேற்கே வாவி. களுதாவளைத் தோட்டங்களில் வெற்றிலையும் மிளகாயும் விளைகின்றன. வாவிக்கு அப்பால் படுவான்கரையில் வேளாண்மையும் பால்மாடும் உண்டு. நெல்லும் பாலும் மீனும் இறாலும் இருக்கும் இந்தப் பிரதேசத்திலிருந்துதான் உங்கள் வயதுப் பிள்ளைகள் கொழும்புக்கும் கட்டாருக்கும் போகிறார்கள். போவதில் தவறில்லை, அந்தப் பணத்தில் நிமிர்ந்த வீடுகள் ஏராளம். ஆனால் வேறு வழியே இல்லை என்று எந்தப் பிள்ளையும் போகக் கூடாது. தொழிற்பயிற்சிக்கு அரசு செலவிடும் பணம் பலன் தந்ததா என்பதை இதைக் கொண்டே நான் அளப்பேன்.

சட்டமும் நிறுவனங்களும் நம்மிடம் இருக்கின்றன. 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு உருவானது. 1995 ஆம் ஆண்டின் சட்டம் தொழிற்பயிற்சி அதிகாரசபையைத் தந்தது. இனி வேண்டியது, இவற்றை ஊரின் தேவையோடு இணைக்கும் நெறி.

முதலாவது, பாடநெறியைத் தீர்மானிக்குமுன் பிரதேசத்தின் தொழிலைப் பார்க்க வேண்டும். கறந்த பால் கெடாமல் இருக்கவும், பிடித்த இறால் நல்ல விலைக்குப் போகவும் குளிரூட்டல் தெரிந்தவர் வேண்டும். அறுவடை நேரத்தில் நெல் வெட்டும் மெஷின் நின்றுவிட்டு மழையும் வந்தால், ஒரு போக உழைப்பு வயலிலேயே அழியும். அதைத் திருத்தத் தெரிந்த ஒருவர் பக்கத்து ஊரில் இருப்பது விவசாயிக்குப் பெரிய பாதுகாப்பு. கமக்காரர், மீனவர், கராஜ் நடத்துபவர் ஆகியோரை உட்காரவைத்துக் கேட்காமல் எந்தப் பாடநெறியும் தொடங்கக் கூடாது.

இரண்டாவது, ஏற்கெனவே கைகளில் இருக்கும் திறமையை மதிக்க வேண்டும். வகுப்பறையைக் காணாமலே தேர்ந்த ஓடாவிகளும் மேசன்மாரும் படகு எஞ்சின் திருத்துபவர்களும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். முன்கற்றலை மதிப்பிட்டு அவர்களுக்கும் தகைமைச் சான்றிதழ் வழங்க நம் முறைமையில் இடமுண்டு. அந்தச் செய்தி அவர்களுடைய வாடிக்கும் பட்டறைக்கும் போய்ச் சேர வேண்டும். கையில் சான்றிதழ் இருந்தால், வெளிநாடு போனாலும் கூலியாளாக அல்லாமல் தேர்ந்த தொழிலாளராகப் போகலாம்.

மூன்றாவது, பயிற்சி எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை படுவான்கரை மக்கள் அங்கே வாவியைப் படகுப் பாதையில் கடந்தார்கள். பாலம் வந்தது, ஆயினும் மாலையில் வீடு திரும்பப் பஸ் இல்லாவிட்டால் ஒரு பெண்பிள்ளையின் படிப்பு நின்றுவிடும். யுத்தத்துக்குப் பின் எத்தனையோ குடும்பங்களைப் பெண்களே தாங்குகிறார்கள். ஆகவே பஸ் நேரமும் பிள்ளை பராமரிப்பும் பயிற்சித் திட்டத்தின் பகுதிதான்.

நான்காவது, தொழிற்கல்வி ஏணியில் எந்தப் படியும் முடிவாகக் கூடாது. தேசிய தொழில் தகைமையில் 7 மட்டங்கள். நான்காம் மட்டம் வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டம். பட்டம் வரை வழி இருப்பதால், உயர்தரத்தில் தவறியவர்கள் கடைசியாகப் போகுமிடம் தொழிற்கல்வி என்ற எண்ணம் பெற்றோர் மனதிலிருந்து போக வேண்டும். மின்சுற்றைப் பிழையின்றி இணைப்பவரின் கவனத்தில்தான் ஒரு வீட்டாரின் உயிர் இருக்கிறது. அதைவிடக் கௌரவமான படிப்பு எது?

தம்பி தங்கையரே, உங்களிடமும் கேட்க எனக்கு ஒன்று உண்டு. சொன்ன நாளில் வேலையை முடியுங்கள், செய்த வேலைக்கு நியாயமான விலை கேளுங்கள். நாளை சொந்தமாகப் பட்டறையோ தையற்கூடமோ திறந்தால், இந்த ஊரிலிருந்து ஒரு பயிலுனரையாவது சேர்த்துக்கொண்டு, உங்களுக்குத் தெரிந்ததை ஒளிக்காமல் சொல்லிக்கொடுங்கள். ஒருவர் இன்னொருவரை வளர்த்தால், பத்து ஆண்டில் இப்பிரதேசத்தில் வேலை கொடுப்பவர்களும் பெருகியிருப்பார்கள். அவர்களில் நீங்களும் இருக்க வேண்டும் என வாழ்த்துகிறேன்.