பெயர் தெரியாத காய்ச்சல்கள்: தலைமை உரை



இந்த நாற்காலிக்கு என்னைவிடத் தகுதியானவர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். அவர்களில் இருவர் என் கட்டுரைகளை மறுத்து எழுதியவர்களும்கூட. ஆகவே குரல் கொஞ்சம் நடுங்கினால் ஒலிபெருக்கிக்காரரைக் கோபிக்க வேண்டாம்.

ஸ்ரீரங்கத்தில் மருத்துவர்கள் கூடினால் கருடவாகன பட்டரை நினைவுகூர்வது மரபு. கோயிலின் ஆரோக்கியசாலையை அவர் புதுப்பித்ததை 1493ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. அவரை வணங்கிவிட்டு மேலே போகிறேன். தன்வந்திரி சன்னதிக்கு மாலையில் எப்படியும் போகப்போகிறோம்.

கருத்தரங்கின் பொருள், குழந்தைகளின் பிடிபடாத தொற்றுகளை மரபணு வரிசைப்படுத்தலால் கண்டறிவது. செய்முறையை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2014இல் வெளியான அமெரிக்கச் சிறுவனின் கதையும் தெரியும். பதினான்கு வயது; மூளைத் திசுவை எடுத்துப் பார்த்தும் விடை இல்லை. சான் பிரான்சிஸ்கோ குழு அவனுடைய தண்டுவட நீரை வரிசைப்படுத்தியது. முப்பது லட்சத்துக்கும் அதிகமான மரபணுத் துண்டுகளில் 475 மட்டும் லெப்டோஸ்பைரா கிருமியுடையவை. மாதிரி கைக்கு வந்து 48 மணி நேரத்தில் விடை கிடைத்தது. பென்சிலினில் பையன் பிழைத்தான். இந்தக் கருவிகளை விற்க வருகிறவர்கள் எல்லாரும் அந்தப் பையனைக் கூடவே அழைத்து வருகிறார்கள்.

அதே குழுவினர் 2019இல் வெளியிட்ட ஆய்வை மட்டும் ஏனோ அழைத்து வருவதில்லை. 204 நோயாளிகள், 58 தொற்றுகள். வரிசைப்படுத்தலால் மட்டுமே தெரியவந்தவை 13, மகிழ்ச்சி. அது தவறவிட்டவை 26. அவற்றுள் 11 தொற்றுகளைக் காட்டிக்கொடுத்தது எதிர்ப்புப்புரதச் சோதனை மட்டுமே. இன்று நான் பேச வந்தது அந்தப் பதினொன்றைப் பற்றித்தான்.

நம் மாவட்டங்களில் மழைக்காலம் முடிந்து பனி இறங்கும்போது வரும் காய்ச்சல்களில் ஸ்க்ரப் டைபஸ், அதாவது நாம் உண்ணிக்காய்ச்சல் என்று எழுதுகிறோமே அது, எவ்வளவு என்று உங்கள் வார்டுகளுக்கே தெரியும். அதன் கிருமி இரத்தக்குழாயின் உட்சுவர் உயிரணுக்களுக்குள் குடியிருப்பது. தண்டுவட நீரில் அது மிதந்துகொண்டு நமக்காகக் காத்திருப்பதில்லை. வரிசைப்படுத்தலில் சிக்குவதும் உண்டு. சிக்காத நாளில் ‘கிருமி இல்லை’ என்று அச்சிட்டு வரும் தாளைப் பார்த்து இளம் மருத்துவர் டாக்ஸிசைக்ளினை நிறுத்திவிடுவாரே, அதுதான் என் பயம்.

கோரக்பூரை நினைத்துப் பாருங்கள். 2005இல் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் அங்கே குழந்தைகளை வாரிக்கொண்டு போனது. தடுப்பூசி வந்தது, ஆனாலும் மூளைக்காய்ச்சல் நிற்கவில்லை. புதிய வைரஸ் ஏதோ இருக்கிறது என்று பல ஆண்டுகள் தேடினார்கள். 2015, 2016இல் எலைசா என்ற எதிர்ப்புப்புரதச் சோதனையைச் செய்து பார்த்தபோது, அந்தக் குழந்தைகளில் அறுபது விழுக்காட்டுக்கும் மேல் ஸ்க்ரப் டைபஸின் அடையாளம். மருந்து மாவட்ட மருந்துக்கிடங்கிலேயே கிடைப்பதுதான்.

இங்கே என் பழைய வழக்கு ஒன்றை எடுக்கிறேன். தலைவருக்கு அந்தச் சலுகை உண்டு. இந்த நோய் ‘மீண்டும் தலைதூக்கியது’ என்று பாடநூல்கள் எழுதுகின்றன. நான் ஏற்கவில்லை. 1948இல் கோலாலம்பூரில் ஸ்மேடல் குழு குளோராம்பெனிகாலைச் சோதித்தது ஸ்க்ரப் டைபஸுக்குத்தான். டைபாய்டு நோயாளிகள் சிலர் தெரியாமல் அதில் சேர்ந்து, அவர்களும் குணமானார்கள். அப்புறம் நாம் என்ன செய்தோம்? தமிழ்நாடு முழுக்க நீடித்த காய்ச்சல் எல்லாவற்றுக்கும் டைபாய்டு என்று பெயரிட்டு அதே மருந்தைக் கொடுத்தோம். பெயர் தப்பாக இருந்தும் பிள்ளைகள் பிழைத்தார்கள். 1990ஐ ஒட்டி டைபாய்டு கிருமி அந்த மருந்துக்கு அடங்காமல் போக, செஃப்ட்ரியாக்சோனுக்கு மாறினோம். அது ஸ்க்ரப் டைபஸ் கிருமியைத் தொடுவதே இல்லை. ஒளிந்திருந்த நோய் வெளியே தெரிந்தது. வேலூரிலிருந்து எலிசபெத் மத்தாயும் குழுவினரும் குளிர்மாதங்களில் வரும் ஸ்க்ரப் டைபஸைப் பற்றி 2003இல் எழுதிய கட்டுரையை அன்றே ஒழுங்காகப் படித்திருந்தால் எத்தனையோ வீண் விவாதம் மிச்சமாகியிருக்கும்.

இதை இதே ஊரில் ஒரு கூட்டத்தில் சொன்னபோது, ‘அது மலைக்காட்டு நோய், காவிரிக்கரையில் ஏது?’ என்று கேட்டார் ஒரு பெரியவர். எனக்கு ஆசிரியர் முறை. இன்றும் பார்த்தால் காலைத் தொடுவேன். கேள்வியைத்தான் ஏற்க மாட்டேன். எலைசா பரவியதால் எண்ணிக்கை கூடியது என்ற இன்னொரு மறுப்பு அதைவிட வலுவானது. அதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன்.

அப்படியானால் வரிசைப்படுத்தல் வேண்டாமா? வேண்டும், ஆனால் வேறு இடத்தில். டாக்காவில் செஞ்சுதி சாகா குழுவினர் செய்ததைப் பாருங்கள். காரணம் தெரியாத மூளைச்சவ்வுக் காய்ச்சல் குழந்தைகளின் சேமித்த தண்டுவட நீரை வரிசைப்படுத்தினார்கள். சிக்குன்குனியா வந்து நின்றது. உடனே சாதாரண பிசிஆர் ஒன்றை வைத்துக்கொண்டு, சேமிப்பிலிருந்த மற்ற 472 மாதிரிகளையும் சோதித்து, இன்னும் 17 குழந்தைகளைக் கண்டார்கள். அந்த வரிசையைத்தான் நான் கேட்கிறேன். முதலில் எலைசாவும் பிசிஆரும். அவற்றிலும் விடை வராத மாதிரிகளை மாவட்டவாரியாகத் திரட்டி வரிசைப்படுத்துவது. அதில் தெரிவதற்கு மலிவான சோதனை ஒன்றை உருவாக்கி அரசு மருத்துவமனைகளுக்குக் கொடுப்பது. கொரோனாவுக்காக 2021 செப்டம்பரில் சென்னையில் திறந்த மாநில மரபணு ஆய்வகம் இதற்குப் போதாதா?

விடையே வராத மாதிரிகளும் இருக்கும். முசாபர்பூரில் வெறும் வயிற்றில் தின்ற லிச்சிப் பழம், சஹாரன்பூரில் பேயாவரை விதை, இரண்டுமே மூளைக்காய்ச்சல் வேடம் போட்டவை. எந்த இயந்திரமும் அங்கே கிருமியைக் காட்டியிருக்காது. குழந்தை என்ன தின்றது என்று வேலூர் ஜேக்கப் ஜான் போன்றவர்கள் வீட்டாரிடம் கேட்டதால்தான் தெரிந்தது.

கடைசியாக, மாதிரி அனுப்பும் படிவத்தில் ஒரு கேள்வி சேர்க்க வேண்டுகிறேன்: ‘அரைஞாண் கயிற்றை விலக்கிப் பார்த்தீர்களா?’ ஸ்க்ரப் டைபஸின் அடையாளமான, சிகரெட்டால் சுட்டதுபோன்ற கறுப்புப் புண் அக்குளிலும் தொடையிடுக்கிலும் கயிற்றின் அடியிலும்தான் ஒளியும். அதன் பொருக்கைவிட நல்ல பிசிஆர் மாதிரி இல்லை. படிவக் குழுவில் இதை ஏற்கெனவே இரண்டு பேர் எதிர்த்திருக்கிறார்கள். நண்பகலில் வாக்கெடுப்பு வைக்கலாம்.

செயலாளர் சீட்டு அனுப்பிவிட்டார். முதல் கட்டுரையாளரை அழைக்கிறேன். ‘ஒவ்வொரு காய்ச்சல் குழந்தைக்கும் முதல் நாளே வரிசைப்படுத்தல்’ என்பது அவருடைய தலைப்பு. அவருக்குக் கூடுதலாகப் பத்து நிமிடம் தருகிறேன், தேவைப்படும்.