மோசமான படமும் மூடிய சிப்பியும்

நாலு பேர் கூடிய இடத்தில், "இதுவரை பார்த்த படங்களுள் மிக மோசமானது எது?" என்று ஒருவர் கேட்டுவிட்டால் போதும், அதுவரை வாய் திறவாதிருந்தவரும் பேசத் தொடங்கிவிடுவார். நல்ல படத்தைச் சொல்வதற்குச் சற்றுச் சிந்திக்க வேண்டியிருக்கும். மோசமான படத்தின் பெயரோ நாவின் நுனியிலேயே நிற்கும். நுழைவுச் சீட்டுக்குக் கொடுத்த காசும், இடைவேளையில் எழுந்துவிட எண்ணியும் உடன் வந்தவருக்காக உட்கார்ந்திருந்த பொறுமையும், வெளியே வந்தபோது பிடித்திருந்த தலைவலியும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வரும். இவ்வாறு குறை கூறுவது பார்ப்போரின் உரிமை. அதை எவரும் மறுப்பதற்கில்லை. ஆயின், அத்தீர்ப்பு எவ்வளவு காலத்துக்குச் செல்லும்? தீர்ப்புக் கூறிய பின்னர் அப்படத்தை என்ன செய்வது? இவ்விரு வினாக்களும் எண்ணிப் பார்க்கத் தக்கவை. எண்ணிப் பார்ப்பதற்கு மன்னார்க் கரையிலுள்ள கொண்டச்சி உதவும்.

கொண்டச்சியின் புகழ் படமாளிகையால் வந்ததன்று, முத்தால் வந்தது. அரிப்பு, சிலாவத்துறை ஆகிய ஊர்களுக்குத் தெற்கே, பெருநிலக் கரையில் அமைந்த ஊர் அது. அதற்கு எதிரே கடலுக்குள் முத்துப்பார்கள் கிடக்கின்றன. இக்கரை ஆங்கிலேயர் கைக்கு வந்த பின்னர் இங்கு நடைபெற்ற முத்துச் சிலாபத்தை, இராபர்ட் பெர்சிவல் என்ற படை அதிகாரி 1803இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில் விரிவாக வருணித்திருக்கிறார். இரவில் நிலக்காற்று எழும்போது தோணிகள் பாய்விரித்துச் செல்லும். விடிந்ததும் குளியாளர் கல்லில் கால் வைத்துக் கடலடிக்கு இறங்கிச் சிப்பிகளை வாரிப் பையில் இடுவர். தோணியில் நிற்போர் கயிற்றால் அவற்றை மேலே இழுப்பர். நண்பகலில் கடற்காற்று வீசத் தொடங்கியதும் தோணிகள் கரை திரும்பும்.

பின்னர் நடப்பதுதான் இப்பொருளுக்கு வேண்டுவது. சிப்பிகள் திறக்கப்படாமலே ஏலத்தில் விற்கப்பட்டன. உள்ளே முத்து உண்டா, இல்லையா என்பது விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. வாங்கியவர் அவற்றைக் குவித்து அழுகவிடுவார். அந்த நாற்றம் நெடுந்தொலைவு பரவும். புதிதாக வந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிப்போவர். சிப்பி வாங்கியவரோ விலகமாட்டார். அழுகிய சதையை நீரிலிட்டுப் பலமுறை கழுவி, அடியில் தங்குவதை விரல் நுனியால் துழாவுவார். பெரும்பாலான சிப்பிகளில் ஒன்றும் இராது. சிலாபம் முடிந்து, கூட்டம் கலைந்த பின்னரும், அந்த மணலைச் சலித்து முத்துத் தேடியோர் இருந்தனர். நாற்றத்தைக் கொண்டு எவரும் கணக்கை முடித்துவிடவில்லை.

இக்கடலின் முத்துக்குளிப்பு ஐரோப்பிய நாடக மேடையிலும் ஏறியது. பிரெஞ்சு இசையறிஞர் ஜார்ஜ் பிசே, தமது 24ஆம் வயதில் இயற்றிய 'முத்துக் குளிப்போர்' என்னும் இசைநாடகம் 1863 செப்டம்பர் 30ஆம் நாள் பாரிஸ் நகரில் அரங்கேறியது. கதை நடக்கும் இடம் பழைய இலங்கை. குளிப்போருக்குத் தீங்கு நேராதிருக்க, முக்காடிட்ட கன்னி ஒருத்தி பாறை மேல் நின்று இறைவனை வேண்டிப் பாடுகிறாள். அவளைச் சுற்றிக் காதலும் நட்பும் மோதுகின்றன. கதையை எழுதியோர் முதலில் அதனை மெக்சிகோவில் நடப்பதாகவே எண்ணியிருந்தனர். பின்பு இலங்கைக்கு மாற்றிக்கொண்டனர். அவர்கள் மன்னார்க் கரையை அறிந்தது அவ்வளவே. விமர்சகர் பெரும்பாலோர் அந்நாடகத்தைக் கடிந்தனர். பெர்லியோஸ் போன்ற மிகச் சிலரே பாராட்டினர். 18 முறை நடிக்கப்பட்டபின் அது நின்றுபோயிற்று. 1875இல் பிசே இறக்கும்வரை மீண்டும் மேடையேறவில்லை.

கொண்டச்சிக் குளியாளர் அதைக் கண்டிருந்தால் நகைத்திருப்பர் என்பதில் ஐயமில்லை. ஆயினும், அந்தப் பொய்க்கதைக்குள்ளும் ஓர் உண்மையின் சாயல் இருந்தது. சுறாவின் வாயைக் கட்டுவதாக நம்பப்பட்ட 'கடல்கட்டி' உடனிருந்து மந்திரம் சொல்லாவிடில் குளியாளர் கடலில் இறங்க மறுத்தனர். அதனால் அரசாங்கமே கடல்கட்டிகளை வைத்துப் பேண வேண்டியிருந்தது. பாறை மேல் நின்ற கன்னிக்கும் கரையில் நின்ற கடல்கட்டிக்கும் தொழில் ஒன்றே. இனி, அந்நாடகம் பிற்காலத்தில் மீண்டும் எடுக்கப்பட்டது. மூலத்தைப் பலவாறு மாற்றியே நடித்தனர். எனினும், 1863இல் அச்சான பியானோப் பிரதி அழியாதிருந்தமையால், 1970களில் முதல் வடிவை மீட்கும் முயற்சி தொடங்கிற்று. இன்று அதன் இருவர் பாடும் பாட்டு உலகெங்கும் விரும்பிக் கேட்கப்படுகிறது. கதை இன்றும் பலவீனமான கதைதான். தீர்ப்பு முழுவதும் பிழையன்று. ஆனால் முத்து உள்ளே இருந்தது. பிரதி இருந்தபடியால் அது கைக்குக் கிடைத்தது.

திரைப்படத்திலும் இதுவே நிகழ்கின்றது. அமெரிக்கர் எட் வுட் எடுத்த 'பிளான் 9 ஃபிரம் அவுட்டர் ஸ்பேஸ்' என்னும் படம் 1957இல் முதன்முதலாகக் காட்டப்பட்டது. அதில் தோன்றும் பெலா லுகோசி என்ற நடிகர், சில காட்சிகள் மாத்திரம் எடுத்திருந்த நிலையில், 1956இலேயே இறந்துவிட்டார். எஞ்சிய காட்சிகளில் வேறொருவர் மேலங்கியால் முகத்தை மறைத்துக்கொண்டு நடித்தார். 1980இல் வெளியான ஒரு நூல் இதனை எக்காலத்திலும் மிக மோசமான படம் என்று அறிவித்தது. அவ்வறிவிப்பால் மக்கள் அதனைத் தேடித் தேடிப் பார்த்தனர். பணமும் வசதியும் இல்லாத ஒருவன் படம் எடுக்கக் கொண்ட ஆசை எத்தகையது என்பதை அதில் கண்டு இரங்கியோரும் உண்டு. 1994இல் எட் வுட்டின் வாழ்க்கையே ஒரு படமாயிற்று. அதில் லுகோசியாக நடித்தவர் ஆஸ்கார் பரிசு பெற்றார். 1978இல் இறந்த எட் வுட் இவற்றுள் ஒன்றையும் காணவில்லை.

தமிழிலும் சான்று உண்டு. 1954இல் எஸ். பாலச்சந்தர் இயக்கி ஏவி.எம். நிறுவனம் வெளியிட்ட 'அந்த நாள்' படத்தில் பாட்டு ஒன்றுகூட இல்லை. பாட்டையும் நடனத்தையும் எதிர்பார்த்துச் சென்றோர் பலர் ஏமாற்றத்துடன் திரும்பினர். வானொலிப் பொறியாளன் ஒருவனின் கொலையைப் பலர் பலவாறு கூறும் அப்படம் இன்று தமிழ்த் திரையின் அரிய ஆக்கங்களுள் வைத்து எண்ணப்படுகின்றது. படம் மாறவில்லை, பார்ப்போரின் கண் மாறிற்று. கண் மாறும்வரை படம் காத்திருந்தது.

காத்திராத படங்களின் நிலை என்ன? 1931இல் வந்த 'காளிதாஸ்' தமிழ் பேசிய முதற்படம் என்று ஒவ்வொரு நூலும் கூறும். டி. பி. ராஜலட்சுமி அதன் நாயகி. காளிதாசன் கதைக்கும் நாட்டு விடுதலைப் பாட்டுக்கும் யாது தொடர்பு என்று இன்று ஒருவர் கேட்கலாம். அத்தகைய பாட்டுகள் அதில் இருந்தன. அது நல்ல படமா, கெட்ட படமா? எவராலும் கூற இயலாது. அதன் பிரதி ஒன்றும் கிடைக்கவில்லை. ஏசுவதற்குக்கூட அப்படம் எஞ்சவில்லை.

இலங்கைத் தமிழ்ப் படங்களின் வரலாறு இதனினும் வருந்தத்தக்கது. 1962இல் 16 மில்லிமீட்டர் சுருளில் 'சமுதாயம்' வந்தது. 1963இல் 'தோட்டக்காரி' வந்தது. பின்னர் 1983 வரையில் வெளியானவற்றைச் சேர்த்து எண்ணினாலும் தொகை முப்பதை எட்டாது. ஒளிப்பதிவு மங்கல், ஒலி தெளிவில்லை, நடிகர் சென்னைத் தமிழைப் போலி செய்கின்றனர் என்றெல்லாம் இவை குறைகூறப்பட்டன. அவற்றுட் பல குறைகள் மெய்யானவையே. தென்னிந்தியாவிலிருந்து பெருஞ்செலவில் எடுத்த படங்கள் வந்து குவிந்த சந்தையில், சிறு முதலோடு வந்தவை நிலைக்க இயலவில்லை.

அவற்றுள் 1977இல் வந்த 'பொன்மணி'யும் ஒன்று. காவலூர் இராசதுரையின் எழுத்தில், சிங்களத் திரையின் சிறந்த இயக்குநராகிய தர்மசேன பத்திராஜா யாழ்ப்பாணத்தில் அதனை எடுத்தார். சீதனச் சுமையால் தளர்ந்த ஒரு குடும்பமும், சாதியைக் கடந்த ஒரு காதலும் அதன் பொருள். மாந்தர் தம் வீட்டில் பேசும் தமிழையே திரையிலும் பேசினர். ஆட்டமும் அடிதடியும் எதிர்பார்த்தோருக்கு அது சுவைக்கவில்லை. மிக விரைவில் படமாளிகைகளை விட்டு நீங்கிற்று. இன்றோ, இலங்கைத் தமிழ்ப் படங்களைப் பற்றி எழுதுவோர் 'பொன்மணி'யைத் தவிர்த்து எழுதுவதில்லை. அடுத்த ஆண்டில், செங்கை ஆழியானின் நாவலைத் தழுவி, கடற்றொழிலாளர் வாழ்வைக் காட்டும் 'வாடைக்காற்று' வந்தது. முத்துக்குளிப்போரைப் பாரிஸ் மேடை பாட்டுப் பாடவைத்து நூற்றாண்டு கடந்த பின்னர், வடகடல் மக்கள் தம் தொழிலோடும் துயரோடும் தமிழ்த் திரையில் தோன்றினர்.

1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக நிகழ்ந்த வன்செயலின்போது, ஹெந்தளையில் கே. குணரத்தினத்துக்கு உரியதாயிருந்த விஜயா கலையகம் தீக்கிரையாயிற்று. அங்கிருந்த படச்சுருள்கள் எரிந்தன. தமிழ்ப் படங்கள் மாத்திரமன்று, சிங்களப் படங்களும் எரிந்தன. தீயிட்டோர் எதையும் பார்த்துத் தரம் பிரிக்கவில்லை. நல்ல படம் எரிந்ததற்கு அழுவோர் உண்டு. மோசமான படம் எரிந்ததற்கு அழுவார் இல்லை. ஆயின் அந்த மோசமான படத்தில், அக்காலத்துக் கொழும்புத் தெரு ஒன்று இருந்திருக்கும்; மலையகத்து லயம் ஒன்று இருந்திருக்கும்; இன்று வழக்கொழிந்த ஒரு பேச்சு இருந்திருக்கும். இயக்குநர் எண்ணி வைக்காத இவற்றைக் காமிரா தானே பதித்து வைத்திருக்கும்.

இதனை நன்கு உணர்ந்தவர் பூனாவிலுள்ள இந்தியத் தேசியத் திரைப்படக் காப்பகத்தை வளர்த்த பி. கே. நாயர். 1964இல் தொடங்கிய அக்காப்பகத்துக்கு நல்லது, கெட்டது என்று பாராமல் கிடைத்த படங்களையெல்லாம் சேர்த்தார். தரம் கூறுவது விமர்சகன் தொழில். காத்து வைப்பது காப்பகத்தின் தொழில். ஒருவர் தொழிலை மற்றவர் எடுத்துக்கொண்டால் பின்வருவோருக்கு ஒன்றும் மிஞ்சாது.

எல்லாவற்றையும் காப்பதற்கு இடம் ஏது, பணம் ஏது என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. படச்சுருள் வெப்பத்தையும் ஈரத்தையும் தாங்காது. புளிப்பு வாடை வீசிச் சுருங்கிக் கெடும். உப்புக்காற்று வீசும் தீவில் அதைப் பேணுதல் எளிதன்று. ஆனால், இவ்வளவு குறைந்த தொகையில் படம் எடுத்த ஒரு சமூகம், அவற்றுள்ளும் பொறுக்கிக் கழிக்கும் செல்வநிலையில் இல்லை. எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்ட 1905ஆம் ஆண்டுச் சிலாபத்தில் சில கூடைகள் சிதறியிருந்தால் பெரிதன்று. முப்பது சிப்பிகளே உள்ளவன் ஒன்றையும் எறிய மாட்டான்.

கொண்டச்சிக்கும் இழப்பு புதிதன்று. 1925க்குப் பின் பழைய பெருஞ்சிலாபம் அக்கரையில் கூடவில்லை. 1990 அக்டோபரில் வடமாகாண முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, கொண்டச்சியும் அதனைச் சூழ்ந்த முசலிப் பகுதியும் வெறிச்சோடின. 2009க்குப் பின்னரே மக்கள் திரும்பிவந்து காட்டை வெட்டி வீடு கட்டினர். வீட்டை விட்டு ஓடுவோர் பிள்ளையைத் தூக்குவர், படப்பெட்டியைத் தூக்குவதில்லை. அவ்வாறு திரும்பியவர்களுக்கு, பழைய ஊரின் மங்கலான ஓர் அசையும் படம் கிடைக்குமாயின், அதன் ஒளிப்பதிவு நன்றா, தீதா என்று அவர்கள் கேட்கமாட்டார்கள்.

ஆகவே, மோசமான படத்தை மோசம் என்றே சொல்லலாம், உரக்கவும் சொல்லலாம். அவ்வாறு சொல்வதற்குப் படம் இருக்க வேண்டும். இன்று ஏசியவரின் பேரப்பிள்ளை நாளை அதனைப் பார்த்து, அவ்வாறே ஏசவும் கூடும். பாட்டன் காணாத ஒன்றைக் காணவும் கூடும். கொண்டச்சி மணலைச் சலித்தவர்கள் அறிந்திருந்தது இவ்வளவே: பலர் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோன இடத்தில், பிறகு வருபவனுக்கென ஏதேனும் கிடக்கலாம்.