ஆடும்போது ஒரு படம்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

நம் சங்கத்து ஆண்டு மலர்களைப் புரட்டினால், விளையாட்டுப் பக்கங்களில் நாம் காண்பவை பெரும்பாலும் பரிசளிப்புப் படங்களே. தலைவர் கோப்பையை வழங்குகிறார், சிறுமி பெற்றுக்கொள்கிறாள், இருவரும் காமிராவை நோக்குகின்றனர். அச்சிறுமி எம்பிக் குதித்து இறகுப்பந்தை அடித்த கணம் எங்கே? தோற்றாலும் கடைசிப் புள்ளி வரை போராடிய பிள்ளையின் முகம் எங்கே? அவை ஒரு பக்கத்திலும் இல்லை. இதற்குக் காரணம் அன்பின்மை அன்று, வெளிச்சமின்மை. கூடத்துக்குள் ஆடும் ஆட்டத்தைப் படமெடுத்தல் ஆகாத காரியம் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றி நிற்கிறது. அஃது ஆகக்கூடிய காரியமே என்பதைச் சொல்லவே இங்கு வந்தோம்.

நண்பகல் வெயிலின் ஒளி ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். நம்மவர் ஆடும் கூடங்களிலோ 300 முதல் 500 லக்ஸ் இருந்தாலே நல்ல வெளிச்சம். நம் கண் இதற்குப் பழகிவிடுகிறது. காமிரா அவ்வாறு பழகுவதில்லை. பாய்ந்தோடும் ஆட்டக்காரரைத் தெளிவாகப் பிடிக்க நொடியில் 500-இல் ஒரு பங்கு நேரமே லென்ஸ் திறந்திருக்க வேண்டும். அதற்குள் போதிய ஒளி சேர, லென்ஸின் திறப்பு எண் 2.8 ஆகவும், ஐ.எஸ்.ஓ. எனப்படும் ஒளியுணர்வு எண் 3200 ஆகவும் இருத்தல் நலம். படத்தில் மணல் தூவியது போலப் புள்ளிகள் தோன்றும், தோன்றட்டும். புள்ளி விழுந்த படத்தில் முகம் தெரியும். கலங்கிய படத்தில் முகமே இராது.

இன்னுமோர் இடையூறு உண்டு. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி கொண்டது. ஆகவே குழல்விளக்குகளும் எல்.இ.டி. விளக்குகள் பலவும் நொடிக்கு 100 முறை ஒளி கூடிக் குறைகின்றன. அடுத்தடுத்து எடுத்த இரு படங்களில் ஒன்று பளிச்சென்றும் மற்றொன்று மங்கியும் இருப்பது இதனாலேயே. அசைவு குறைந்த வேளையில் 100-இல் ஒரு பங்கு நொடி வைத்தால் ஓர் ஏற்ற இறக்கம் முழுவதும் படத்துள் அடங்கும், குறை நீங்கும்.

"ஃபிளாஷ் இருக்கிறதே!" என்பீர்கள். விரைந்து வரும் பந்தின் மீதே கண்ணை நாட்டியிருக்கும் பிள்ளையின் முகத்தில் மின்னலை வீசுதல் முறையாகுமா? பெரிய இறகுப்பந்து, மேசைப்பந்துப் போட்டிகளில் அதற்கு இடமில்லை. ஆட்டத்துக்காகவே படம், படத்துக்காக ஆட்டம் அன்று.

அவ்வாறாயின் வழி என்ன? அதை நம் மைசூரிலேயே கற்கலாம். இங்குக் கன்னடத்தில் 'கரடி மனை' எனப்படும் பழைய மற்போர்க் கூடங்கள் உள்ளன. புதிதாய் வந்த தமிழர் கரடியை எண்ணி அஞ்ச வேண்டா! தாழ்ந்த வாயில், குறைந்த வெளிச்சம், செம்மண் களம், சுவரில் அனுமன். தசரா மற்போரில் இறங்கும் மல்லர்கள் பயில்வது இத்தகைய இடங்களிலேதான். அங்கே 500-இல் ஒரு பங்கு நொடியை நினைக்கவும் இயலாது. ஆயினும் மற்போர் ஓயாத ஓட்டமன்று. பிடியிட்ட இருவர் ஒருவர் வலிமையை ஒருவர் அளந்தவாறு அசையாது நிற்கும் கணங்கள் உண்டு. 125-இல் ஒரு பங்கு நொடியும் அங்கே போதும். போரின் கடுமை முழுவதும் அக்கணத்தில்தான் முகத்தில் தெரியும். களத்து மண் இருண்டிருப்பதால் காமிரா தானே ஒளியை மிகுத்துவிடும். வியர்வையில் மின்னும் தோள் வெளுத்துப் போகாதபடி சற்றுக் குறைத்து வைத்தல் வேண்டும். ஆசானிடம் அனுமதி பெற்றபின்பே காமிராவைத் திறத்தல் வேண்டும்.

ஒவ்வோர் ஆட்டத்திலும் இத்தகைய கணம் ஒன்றுண்டு. இறகுப்பந்தில், குதித்தவர் மேலேறி முடித்து இறங்கத் தொடங்குமுன் உள்ள நொடி. கேரமில், விரலை மடக்கிக் குறிபார்க்கும் நொடி. பலகைமேல் தொங்கும் விளக்கின் ஒளி பலகையில் பட்டுக் குனிந்த முகத்துக்கு ஏறும். ஆகவே ஆட்டத்தை அறிந்தவரே அதைப் படமெடுக்க வல்லவர். விலை மிகுந்த காமிரா இல்லையே என்று வருந்த வேண்டா. செல்பேசி உள்ளவர் ஃபிளாஷை அணைத்து, ஆடுவோர்க்கு இடையூறின்றி அருகில் தரையில் அமர்ந்து, சன்னலை எதிரே வையாது காத்திருந்தால் போதும்.

பெரியோர்களே! ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நமக்குப் பிள்ளைகளின் இளமையைக் காட்டும் சான்றுகள் சிலவே. கோப்பை ஒருவர்க்கே கிடைக்கும். முயற்சி எல்லார்க்கும் உரியது. அடுத்த மலரில் ஒரு பக்கமேனும் ஆடும் பிள்ளைகளின் படங்களுக்கு ஒதுக்குவோம். வென்றவர் படத்தின் அருகே தோற்றவர் படமும் இடம்பெறட்டும். நாளை அப்பிள்ளைகள் தம் மக்களுக்குக் காட்டத் தகுந்த பக்கம் அதுவாகவே இருக்கும்.