தரம் பேசியவர்கள் அங்கே போகவில்லை
(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கிராமத்துக்கு ஏன் மருத்துவம் வரலைன்னு கேட்டா அதிகாரிகள் ஒரு பதிலைத் தயாரா வச்சிருப்பாங்க: தூரம் அதிகம், ஜனம் குறைவு, டாக்டர் வரமாட்டேங்கிறார். இந்தப் பதிலைச் சோதித்துப் பார்க்க அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தை எடுத்துக்கொள்கிறேன். பரப்பளவு இந்தியாவில் பாதிக்கும் மேல். 2020 கணக்கெடுப்பின்படி மொத்த ஜனமே சுமார் 7,33,000தான். பூர்வகுடி கிராமங்கள் பலவற்றுக்கு ரோடே கிடையாது. சின்ன விமானம், படகு, பனியில் ஓடும் வண்டி, அவ்வளவுதான். அங்கே இருப்பவர்களை 'எஸ்கிமோ' என்று நமக்குப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். அது அடுத்தவன் வச்ச பேரு. அவர்கள் தங்களை யூப்பிக், இனுப்பியாக் என்றுதான் சொல்கிறார்கள். பேர் வைக்கிற அதிகாரத்தைப் பத்தி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கடந்த நூற்றாண்டின் நடுவில் காசநோய் இந்த மக்களை வாரிக்கொண்டு போனது. உலகத்தில் பதிவான மிக மோசமான சாவு விகிதங்களில் அதுவும் ஒன்று. தாயையும் பிள்ளையையும் பிரித்து, சியாட்டில் போன்ற தூரத்து நகரங்களின் சானடோரியங்களுக்கு ஏற்றினார்கள். பலர் திரும்பவேயில்லை. 1950களில் ஐசோனியசிட் மாத்திரை வந்தது. மாசக்கணக்கில் தினமும் விழுங்கணும். யார் கொடுப்பது? டாக்டர் இல்லை. அந்தந்த கிராமத்து ஆட்களே, பெரும்பாலும் பெண்கள், கொடுத்தார்கள். 1968இல் இது அரசு நிதியோடு முறையான திட்டமானது. மூணு நாலு வாரம் வீதம் நாலு கட்டப் பயிற்சி. கையில் ஒரு வழிகாட்டி நூல். மேலே கேட்க வட்டார ஆஸ்பத்திரி டாக்டர். ஆரம்பத்தில் ரேடியோவில்தான் பேச்சு. ஒருத்தி தன் நோயைச் சொன்னால் ரேடியோ வைத்திருந்த ஊர்க்காரர் எல்லாருக்கும் கேட்டுவிடும். இப்போது தொலைபேசியும் இணையமும் இருக்கிறது.

இதை நான் சொர்க்கமாக்கிக் காட்ட வரலை. ராத்திரி பகல்னு இல்லாம கதவைத் தட்டுவாங்க. செத்துக்கொண்டிருப்பவர் சொந்தச் சித்தப்பாவாக இருப்பார். அலுத்துப்போய் வேலையை விட்டவர்கள் ஏராளம்.

ஆனால் சண்டை வந்தது காசநோயில் இல்லை, பல்லில்.

மீனும் கடல்நாய்க் கறியும் தின்ற மக்களுக்குக் கடைச் சர்க்கரையும் சோடாவும் வந்து சேர்ந்தன. பூர்வகுடிக் குழந்தைகளின் பல் சொத்தை நாட்டின் சராசரியைப் போல இரண்டரை மடங்கு என்று கணக்கிட்டார்கள். பல் டாக்டர் எப்போதாவது பறந்து வருவார். பிடுங்க முடிந்ததைப் பிடுங்கிவிட்டுப் போவார். எனவே பூர்வகுடி சுகாதார அமைப்புகள் 2003இல் தங்கள் இளைஞர்களை நியூசிலாந்துக்கு அனுப்பின. அங்கே 1921 முதலே பல் செவிலியர்களைப் பயிற்றுவிக்கிறார்கள். இரண்டு வருஷப் படிப்பு. சொத்தையை அடைப்பது, எளிதான பல்லைப் பிடுங்குவது, குழந்தைகளுக்குத் தடுப்புச் சிகிச்சை. 2005இல் ஊர் திரும்பி வேலையைத் தொடங்கினார்கள்.

2006 ஜனவரியில் அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கமும் அலாஸ்கா சங்கமும் வழக்குப் போட்டன. உரிமம் இல்லாதவர் பல்லைத் தொடக்கூடாதாம். பூர்வகுடிகளுக்கு இரண்டாம்தரச் சிகிச்சை கொடுக்கக் கூடாதாம். எவ்வளவு கரிசனம் பாருங்க! இத்தனை காலமும் சிகிச்சையே இல்லாமல் கிடந்தது எந்தத் தரம்னு யாரும் கேட்கலை. வலி இருந்தது, டாக்டர் இல்லை. அப்போது சங்கம் கோர்ட்டுக்குப் போகலை. வலிக்கிறவனின் தங்கச்சி கையில் கருவி வந்ததும் தரம் கெட்டுப்போச்சு. இந்தக் குரல் உங்க காதுக்குப் புதுசா?

2007 ஜூனில் நீதிமன்றம் சங்கங்களின் வாதத்தை ஏற்கவில்லை. பூர்வகுடி சுகாதாரத்துக்கான மத்திய சட்டம் இவர்களுக்கு அனுமதி தருகிறது, மாநில உரிமச் சட்டம் குறுக்கே நிற்க முடியாது என்றது. 2010இல் வந்த ஒரு சுயேச்சை ஆய்வு இவர்களின் வேலை பாதுகாப்பானது, திறமையானது என்று சொன்னது.

இங்கே ஒரு விஷயம். இந்த வெற்றிக்குப் பின்னால் 1975இன் சுயநிர்ணயச் சட்டம் இருக்கிறது. அரசு நடத்திய ஆஸ்பத்திரியை, அந்தப் பணத்தோடு சேர்த்து, மக்கள் அமைப்பே ஏற்று நடத்தலாம் என்ற சட்டம். வெளியூர்களோடு சாலைத் தொடர்பே இல்லாத பெத்தெல் ஊரின் ஆஸ்பத்திரி இன்று சுமார் 50 கிராமங்களின் கூட்டமைப்பு கையில். யாரைப் பயிற்சிக்கு அனுப்புவது என்பதை அவர்கள் முடிவு செய்தார்கள். வெறும் பயனாளிகளாக இருந்திருந்தால் மனுதான் கொடுத்திருப்பார்கள்.

சங்கமும் சும்மா இருக்கவில்லை. அலாஸ்காவுக்கு வெளியே, அந்தந்த மாநிலச் சட்டம் இடம் கொடுத்தால்தான் பூர்வகுடிகள் இந்தப் பணியாளர்களை வைத்துக்கொள்ளலாம் என்ற நிபந்தனை 2010 சட்டத்தில் நுழைந்தது. வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்வினோமிஷ் மக்கள் காத்திருக்கவில்லை. தாங்களே உரிமம் கொடுத்து, 2016இல் அலாஸ்காவில் பயின்ற ஒருவரை வேலைக்கு வைத்தார்கள். மாநிலச் சட்டம் அதற்குப் பிறகு, 2017இல்தான் வந்தது.