பாட்டிமாரின் வாக்கு


படிக்காத தோட்டத்து ஆட்களுக்கு எதற்கு வாக்கு என்று இப்போது நம்மில் சிலரே கேட்கிறோம், அதுவும் டொக்டர், டீச்சர் என்று ஆனபிறகு.

1947இல் நம் பாட்டிமாரும் வாக்களித்துத்தான் இலங்கை இந்தியக் காங்கிரஸில் ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். மறு ஆண்டே பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் இலங்கையில் பிறந்ததற்குச் சான்று கேட்டார்கள். லயத்தில் எத்தனை பேரிடம் அது இருந்தது? 1949இல் வாக்கும் பறிபோனது. 1952 தேர்தலில் காங்கிரஸிலிருந்து ஒருவரும் தெரிவாகவில்லை. எஞ்சியோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் வர 2003 ஆகிவிட்டது.

அன்று பத்திரம் இல்லையென்று தள்ளினார்கள். இன்று படிப்பில்லையென்று நாமே தள்ளுவதா?

எங்கள் கிளினிக்குக்கு வரும் அம்மாயிமார் பலருக்குக் கையொப்பமிடத் தெரியாது. ஆனால் அடையாள அட்டையைப் பொலித்தீனில் சுற்றி, மடியில் முடிந்து வைத்திருப்பார்கள். தேர்தலன்று விடியமுன்னே வரிசையில் நிற்பதும் அவர்கள்தான்.