பழைய உறுப்புகள், புதிய இணைப்பு



மருந்து மூலக்கூறும் மென்பொருளும் காப்புரிமை உலகை ஆட்டிப்படைக்கும் காலத்தில், பொட்டலம் போடும் இயந்திரத்துக்கு ஒரு கருத்தரங்கா என்று நண்பர்கள் கேட்டார்கள். எனக்கென்னவோ, ‘இது வெளிப்படையானதுதானே’ என்ற கேள்வி இங்கேதான் மிகக் கடினம். உருளை பழையது, கத்தி பழையது, சூடேற்றும் தாடையும் பழையது. விண்ணப்பதாரர் புதிது என்று காட்டுவது பெரும்பாலும் இணைப்பை மட்டுமே.

இங்கிலாந்தில் 1890இல் தீர்ப்பான வில்லியம்ஸ் எதிர் நை வழக்கு நீங்கள் அறிந்ததே. இறைச்சி கொத்தும் இயந்திரமும், அதைத் தோலுறையில் நிரப்பும் இயந்திரமும் தனித்தனியே இருந்தன. இரண்டையும் ஒன்றாகப் பூட்டியவருக்குக் காப்புரிமை நிலைக்கவில்லை. கொத்துவது கொத்தியது, நிரப்புவது நிரப்பியது. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. நமது 1970ஆம் ஆண்டு இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(எஃப்) பிரிவும், தனித்தனியே இயங்கும் தெரிந்த சாதனங்களை வெறுமனே அடுக்கிவைப்பதைக் கண்டுபிடிப்பாக ஏற்பதில்லை.

சேர்த்ததால் புதிதாக ஒரு தொல்லை முளைத்து, அதைத் தீர்க்க வேண்டியிருந்தால் என்ன செய்வது? மசாலாப் பவுச் இயந்திரத்தின் அருகில் போய் நில்லுங்கள். ஃபிலிம் இறங்கிவந்து காலரில் வளைந்து குழாயாகிறது, நெடுக்கில் ஒட்டப்படுகிறது. கீழே தாடைகள் கவ்வும்போது ஒரு பவுச்சின் வாயும் அடுத்த பவுச்சின் அடியும் ஒரே பிடியில் சீலாகின்றன. நடுவே கத்தி பாய்கிறது. உள்ளே கொட்டுவது மிளகாய்த்தூள் என்றால் எல்லாமே அடியில் போய் உட்காராது. நுண்தூள் மிதந்து, நிலைமின்சாரத்தால் ஃபிலிமின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் தாடை விழுந்தால் சீல் பிடிக்காது.

தாடை மூடுவதைச் சற்றே தாமதிப்பது எந்த ஃபிட்டரும் முதலில் செய்து பார்ப்பது. அதற்குக் காப்புரிமை கேட்டால் நான் மறுப்பேன். தாமதித்தால் வேகம் குறையும் என்பதும் அவருக்குத் தெரியும். வேகம் குறையாமலே சீல் விழும் இடத்தைத் துடைத்துக்கொடுக்கும் பட்டைகளை ஒருவர் தாடையோடு பொருத்தினால்? உறுப்புகள் ஒன்றையொன்று சார்ந்து இயங்குவதால் 3(எஃப்) குறுக்கே வராது. ஆனால் சிப்ஸ் பொட்டலமிடும் இயந்திரங்களில் அத்தகைய பட்டைகள் முன்பே உண்டு. தூள்காரர் அங்கே எட்டிப் பார்த்திருப்பாரா?

1966இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கால்மர் எதிர் குக் கெமிக்கல் வழக்கில் ஏறத்தாழ இதே கேள்வியைத்தான் சந்தித்தது. பூச்சிமருந்துப் புட்டியின் தெளிப்பான் அனுப்பும் வழியில் ஒழுகாமல் காக்கும் மூடியைப் பற்றியது அந்த வழக்கு. நெடுநாள் தேவையைத் தீர்த்தது, நன்றாக விற்றது; கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் ஏற்றன. உச்ச நீதிமன்றமோ, இது மூடிபோடும் சிக்கல்தான், ஊற்றும் மூக்குள்ள புட்டிகளில் விடை ஏற்கெனவே இருக்கிறது என்று காப்புரிமையைத் தள்ளிவிட்டது. அண்டைத் துறையைப் பார்க்கச் சொன்னது சரி. விற்பனை தராசைச் சாய்க்காது என்றதும் சரியே. நல்ல விளம்பரமும் சரக்கை விற்கும்.

நம் சட்டத்தின் 2(1)(ஜேஏ) பிரிவு தொழில்நுட்ப முன்னேற்றத்தோடு பொருளாதார முக்கியத்துவத்தையும் குறிப்பிடுவதால், சில வழக்கறிஞர்கள் விற்றுமுதல் கணக்கை நீட்டிவிட்டு அமர்ந்துவிடுகிறார்கள். ஆனால் துறைத் தேர்ச்சி உள்ளவருக்குக் கண்டுபிடிப்பு வெளிப்படையாக இருக்கக் கூடாது என்ற நிபந்தனை அதே வாக்கியத்தில்தான் இருக்கிறது. மறுப்பாணை எழுதுவோரிடமும் எனக்குக் குறை உண்டு. பழைய ஆவணங்கள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘ஆகவே வெளிப்படை’ என்று முடித்தால் போதாது. விண்ணப்பத்தின் முன்னுரிமை நாளன்று, விடை தெரியாத ஃபிட்டர் எந்தக் கோளாற்றைத் தீர்க்க முதல் ஆவணத்தை விட்டு இரண்டாவதைத் தேடிப் போயிருப்பார்? அந்த ஒரு வரி ஆணையில் இருக்க வேண்டும்.

முதல் அமர்வுக் கட்டுரைகள் நிரப்பும் கருவிகளைப் பற்றியவை. கட்டுரையாளர்கள் தீர்ப்புகளோடு இயந்திர வரைபடங்களையும் திரையில் காட்டுமாறு கேட்டுக்கொண்டு, முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.